மிலாற்றுக் கரியும் பீலித் தண்ணீரும்

தோட்டப்புறங்களில் குடிநீர் பற்றிச் சொல்லப்படும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: கொதிக்க வைத்துக் குடியுங்கள். கிருமிகளுக்கு அது சரி. உலோகங்களுக்கு அது உதவாது. சற்றுக் கெடுதலும் செய்யும். ஒரு லீற்றர் தண்ணீரைக் கேத்தலில் வைத்து முக்கால் லீற்றராக வற்றும்வரை கொதிக்கவிட்டால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. அதிலிருந்த ஈயமும் கட்மியமும் அப்படியே மிஞ்சி நிற்கும், முன்னைவிட மூன்றில் ஒரு பங்கு கூடிய செறிவில்.

அந்த உலோகங்களைப் பிடித்தெடுக்கக்கூடிய ஒரு பொருளுக்கான மூலம் மலையகத்தில் காலடியிலேயே கிடக்கிறது. கவ்வாத்து முடிந்த மலையில் குவியும் மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகள், வேலியோரத்துக் கிளிரிசீடியா, யூக்கலிப்டஸ் கிளைகள், கீழ்நாட்டிலிருந்து வரும் சிரட்டை. இவற்றைக் காற்றுப் படாமல் சூடாக்கிக் கிடைக்கும் கரிக்குத்தான் உயிர்க்கரி, பயோசார் என்று பெயர். தேயிலைக் கழிவிலும் கிளிரிசீடியா விறகிலும் செய்த உயிர்க்கரியை இலங்கை ஆய்வாளர்கள் ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள். நிக்கலும் குரோமியமும் இயற்கையாகவே மிகுந்த வஸ்கமுவ சேர்ப்பன்டைன் மண்ணில் கூட அதைப் போட்டுச் சோதித்திருக்கிறார்கள். அறிவியலில் பெரிய ஐயம் இல்லை. குறை இருப்பது வீட்டில் செய்யும் விதத்தில். கரியைப் போட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்று நினைத்து, எந்த உலோகம், எவ்வளவு, கரியில் எவ்வளவு இடம், அது எப்போது நிரம்பும் என்ற நான்கையும் கேட்காமல் விடுகிறோம். கரி ஒரு களஞ்சியம் மாதிரி. நிரம்பிய களஞ்சியத்துக்குள் மேலும் மூட்டை அடுக்க முடியாது.

முதலில், உலோகம் இருக்கிறதா?

பீலியில், அதாவது ஊற்று நீரை இறக்கும் குழலில், வரும் மலையக ஊற்றுத் தண்ணீர் பொதுவாக மென்மையானது, சற்று அமிலத் தன்மையுள்ளது. பீ.எச். பெறுமானம் 5.5க்கும் 6.5க்கும் இடையில் நிற்பது வழமை. இப்படிப்பட்ட தண்ணீர் சுண்ணப் படிவை உண்டாக்காது, ஆனால் குழாயையும் தகரத்தையும் பித்தளையையும் மெல்ல அரிக்கும். அதனால் ஊற்றுக்கண்ணில் சுத்தமாக இருந்த தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. லயத்துக் (தோட்ட வரிசை வீட்டுக்) கூரைத் தகரத்திலிருந்து மழைநீர் பிடிப்பவர்களுக்கு நாகம், அதாவது துத்தநாகம், வரும். பழைய நாகப் பூச்சில் சிறிதளவு ஈயமும் கலந்திருக்கும். பித்தளைக் குழாய்வாயிலும் பித்தளைக் குடத்திலும் ஈயம் உண்டு, ஏனென்றால் பித்தளையைக் கடைவதற்கு இலகுவாக்க அதைச் சேர்ப்பார்கள். பாத்திரத்துக்கு ‘ஈயம் பூசுவது’ என்று நாம் சொல்வது உண்மையில் வெள்ளீயம். அந்தப் பூச்சில் காரீயம் கலந்திருந்தால் இரவு முழுவதும் குடத்தில் கிடந்த தண்ணீர் காலையில் வேறு தண்ணீர்.

தேயிலை மலையிலிருந்து வரும் செம்பு வேறு கதை. 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோயை அடக்கத் தேயிலைக்குச் செம்பு மருந்து தெளிக்கிறார்கள். செம்பு மண்ணின் இலைமக்கோடு இறுகப் பிடித்துக்கொள்வதால் கரைந்து ஊற்றுக்குள் இறங்குவது குறைவு. பெருமழையில் மண் கழுவிக்கொண்டு வரும்போதுதான் அது சேற்றோடு சேர்ந்து ஓடைக்கு வரும். அந்தச் சேற்றை மணல் வடியில் (வடிகட்டியில்) நிறுத்தினாலே பெரும்பகுதி நின்றுவிடும், கரி தேவைப்படாது. நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே இருக்கும் கிணறுகளில் கட்மியத்தைப் பார்க்க வேண்டும். பொஸ்பேற்று உரங்களில் அது அழுக்காகக் கலந்திருக்கும், அமில மண்ணில் இலகுவாக நகரும்.

செம்பழுப்பாகக் கசியும் ஊற்றைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். அது இரும்பு. மேலே எண்ணெய்ப் படலம் போல மினுங்கினால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லாக உடைந்து பிரிந்தே நின்றால் அது இரும்பு பக்டீரியாவின் படலம். சுழன்று மீண்டும் ஒன்று சேர்ந்தால் எண்ணெய். இரும்பு நாக்குக்கும் துணிக்கும் தொல்லை. உயிருக்குத் தொல்லை கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத ஈயமும் கட்மியமும்.

அதனால்தான் ஆய்வுகூடச் சோதனை இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்கிறேன். கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவை மட்டும் காட்டும், கடையில் விற்கும் ரி.டி.எஸ். மானி இதற்குப் பயன்படாது. லீற்றருக்கு 40 மில்லிகிராம் கரைபொருள் காட்டும் தண்ணீரில் 0.05 மில்லிகிராம் ஈயம் இருந்தாலும் அந்த ஊசி அசையாது, ஆனால் அது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவான 0.01இன் ஐந்து மடங்கு. கட்மியத்துக்கு அந்த அளவு 0.003, ஆசனிக்குக்கு 0.01, குரோமியத்துக்கு 0.05.

மாதிரி எடுப்பதிலேயே பாதிச் சோதனை கெட்டுப்போகிறது. போத்தலை ஆய்வுகூடத்திடமே கேட்டு வாங்குங்கள். அவர்கள் அதை அமிலத்தால் கழுவித் தருவார்கள். உலோக மூடியுள்ள போத்தல் ஆகாது. குழாயில் இரவு முழுவதும் நின்ற தண்ணீரின் முதல் லீற்றர் ஒரு போத்தல், ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு இன்னொரு போத்தல். முதலாவதில் மட்டும் ஈயம் கூடியிருந்தால் குற்றவாளி உங்கள் குழாயும் குழாய்வாயும்தான். கரி வடியைவிடக் குழாய்வாயை மாற்றுவது மலிவு. எந்தக் கருவியில் அளக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். மாதிரியைச் சுவாலையில் தெளித்து அளக்கும் சாதாரணச் சுவாலை முறையில் 0.01 மில்லிகிராம் ஈயத்தை நம்பகமாகக் காண்பது கடினம். அங்கிருந்து வரும் ‘கண்டறியப்படவில்லை’ என்ற அறிக்கைக்கு ‘இல்லை’ என்று பொருள் இல்லை. அறிக்கையில் கண்டறியும் எல்லையை எழுதித் தரச் சொல்லுங்கள், அது 0.01க்குக் கீழே இருந்தால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு.

சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைத் தள்ளிப்போட வேண்டாம். வளர்ந்தவரைவிடச் சிறு பிள்ளையின் குடல் விழுங்கிய ஈயத்தை நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும். உடலில் இரும்புச்சத்துக் குறைந்திருந்தால் ஈயமும் கட்மியமும் இன்னும் கூடுதலாக ஏறும். இரத்தச்சோகை எவ்வளவு சாதாரணம் என்பது தோட்டத்து மருத்துவமாதுகளுக்குத் தெரியும்.

கரி செய்தல்

மிலாற்றைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விதியை மீறக் கூடாது: இலை வேண்டாம், விறகு மட்டும். தேயிலைச் செடி மண்ணிலிருந்து அலுமினியத்தையும் புளோரைட்டையும் இழுத்து முதிர்ந்த இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. இலையோடு சேர்த்துக் கரியாக்கினால் அவை சாம்பலில் குவியும், பிறகு நீங்கள் குடிக்கும் தண்ணீரில் இறங்கும். அண்மையில் செம்பு தெளித்த செடியின் நுனிக் குச்சிகளையும் விட்டுவிடுங்கள். ஐந்து கிலோ விறகு ஒரு கிலோ கரியாகும்போது விறகிலிருந்த உலோகம் ஏறத்தாழ ஐந்து மடங்கு செறிவாகும். பெருவிரல் பருமனுக்கு மேற்பட்ட, பட்டை உரித்த தண்டு சிறந்தது. தேயிலைத் தண்டு கெட்டி மரம், அதன் கரி இலகுவில் மாவாகாது. பாசி பிடித்த பட்டையை எரிபொருளாக வெளியே எரித்துக்கொள்ளலாம். வர்ணம் பூசிய பலகை, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தேற்றிய மரம் எதுவும் கிட்டவும் வரக்கூடாது. மருந்தேற்றிய மரத்தில் செம்பும் குரோமியமும் ஆசனிக்கும் இருக்கலாம்.

ஈரம் இங்கே பெரிய எதிரி. விறகின் ஈரம் 15 வீதத்துக்கு மேல் இருந்தால் சூடு முழுவதும் நீரை ஆவியாக்கவே போய்விடும், கரி பழுப்பாகவே நிற்கும். ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் தை முதல் பங்குனி வரையும், பதுளை, ஊவாப் பக்கம் ஆடி முதல் புரட்டாதி வரையும் காய்ந்த காற்று கிடைக்கும். நல்ல வாசத் தேயிலை வரும் பருவமும் அதுதான். ஒரே காற்று இரண்டுக்கும் உதவுகிறது. மிலாற்றைக் கூரைக்குக் கீழே நிலத்தில் படாமல் அடுக்கி, குறைந்தது இரண்டு மாதம் காயவிடுங்கள். இரண்டு குச்சிகளைத் தட்டினால் மந்தமாக ஒலிக்காமல் ‘டக்’ என்று கேட்க வேண்டும்.

கரி செய்யப் பல வழிகள் உண்டு. கூம்புக் குழி தோண்டி, மேலே சுவாலை எரிய எரிய விறகை அடுக்கடுக்காகப் போட்டு, கடைசியில் தண்ணீர் ஊற்றி அணைப்பது தோட்டப் பசளைக்கு அருமையான வழி. குடிநீருக்கு அதை நான் விரும்புவதில்லை. சாம்பல் கலக்கும், ஓரத்திலும் நடுவிலும் சூடு ஒரே மாதிரி இருக்காது. குடிநீர்க் கரிக்கு மூடிய தகரம்தான் நல்லது. 20 லீற்றர் இரும்புத் தகரம் ஒன்று, இறுகிய மூடியோடு. அதன் அடியில் அல்லது மூடியில் 4 மில்லிமீற்றர் துளை நான்கு. அதற்குள் மிலாற்றை நெருக்கமாக நிமிர்த்தி அடுக்குங்கள். இதை 200 லீற்றர் பீப்பாய்க்குள் மூன்று கல்லின்மேல் வைத்து, சுற்றிலும் மேலும் விறகு போட்டு எரியுங்கள். பீப்பாயின் அடியில் காற்றுக்கு ஆறேழு துளை வேண்டும். உள்தகரம் நாகம் பூசியதாக இருக்கக் கூடாது. சூட்டில் நாகம் புகையாகி நெஞ்சுக்குள் போகும், கரியிலும் படியும். பெயின்ற் பேணியும் ஆகாது.

முதலில் துளைகளிலிருந்து வெண்புகை வரும்; அது நீராவி. பிறகு மஞ்சள் புகை, அதன்பின் துளை வாயில் வாயு தீப்பற்றித் தனிச் சுவாலையாக எரியும். அந்தச் சுவாலைகள் அணையும்போது உள்ளே சுமார் 450 பாகையைத் தாண்டியிருக்கும். அங்கே நிறுத்திவிடாமல் வெளித் தீயை இன்னும் அரை மணித்தியாலம் நல்ல சிவப்பில் வைத்திருங்கள். நமக்குத் தேவை 500 முதல் 600 பாகை. 400க்குக் கீழே நின்ற கரியில் தார் தங்கியிருக்கும், தண்ணீரை மஞ்சளாக்கும், வாடை அடிக்கும். 700க்கு மேலே போனால் நுண்துளைகள் பெருகும், ஆனால் உலோக அயனைப் பிடிக்கும் ஒட்சிசன் கூட்டங்கள் கருகிப் போய்விடும். பூச்சிகொல்லி போன்ற சேதனப் பொருள்களுக்கு உயர்ந்த சூட்டுக் கரி நல்லது. ஈயத்துக்கும் கட்மியத்துக்கும் நடுத்தரச் சூட்டுக் கரி நல்லது.

தகரத்தை அன்றே திறக்க வேண்டாம். சூடான கரியில் காற்றுப் பட்டால் நொடியில் கனன்று சாம்பலாகும். துளைகளைக் களிமண்ணால் அடைத்து மறுநாள் காலை திறவுங்கள். இந்த வேலை முழுவதும் வெளியில், காற்றோட்டத்தில்தான் நடக்க வேண்டும். மழை என்று லயத்துக் குசினிக்குள்ளோ தாழ்வாரத்திலோ வைத்துவிட்டால் மணமில்லாத காபனோரொட்சைட்டு உறங்குபவரை எழுப்பாமலே கொல்லும்.

நல்ல கரிக்கு அடையாளம் உண்டு. தட்டினால் கண்ணாடி மாதிரிக் கிணுங்கும். உடைத்த முகத்தில் மரத்தின் நார் வரிகள் தெளிவாகத் தெரியும், நடுவில் பழுப்பு இருக்காது. விரலில் தேய்த்த கறுப்பு, சவர்க்காரம் இல்லாமல் வெறும் தண்ணீரிலேயே போய்விடும். பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டால் தார். அந்தத் தொகுதியை மீண்டும் தகரத்தில் போட்டு எரியுங்கள், இல்லாவிட்டால் தோட்டத்துக்கு விடுங்கள்.

உரலில் மெல்ல இடித்து, நுளம்பு வலையில் சலித்துப் பெரியதை மறுபடி இடிக்கவும். வலையில் இறங்கியதை மா அரிக்கும் அரிதட்டில் போட்டுத் தூளைக் கழிக்கவும். அரிதட்டில் தங்குவது அரை மில்லிமீற்றருக்கும் ஒன்றேகால் மில்லிமீற்றருக்கும் இடைப்பட்ட குருணை, அதுதான் வேண்டும். இடிக்கும்போது மூக்கை ஈரத்துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் வடிக்கு 1.3 கிலோ குருணை தேவை. அதற்குக் காய்ந்த மிலாறு குறைந்தது 10 கிலோ வேண்டும், சேதாரத்துக்கும் சேர்த்து 12 முதல் 15 கிலோ வரை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் கரியாகும், சலிப்பில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு தூளாகப் போகும்.

பிறகு கழுவுதல். இதை அவசரப்படுத்தினால் முழு உழைப்பும் வீண். கரியில் பொற்றாசியமும் கல்சியமும் சாம்பலாக நிற்பதால் முதல் கழுவல் நீரின் பீ.எச். 9, 10 என்று ஏறும். கால் மணித்தியாலம் கொதிக்க வைத்து, ஓர் இரவு ஊறவிட்டு, தண்ணீர் தெளியும்வரை ஐந்தாறு தடவை மாற்றுங்கள். கொதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: துளைகளுக்குள் இருக்கும் காற்று வெளியேறினால்தான் கரி மிதக்காமல் தாழும். கழுவிய நீரைக் கோவாப் பாத்திக்கு ஊற்றலாம். தேயிலைக்கு ஊற்ற வேண்டாம், அதற்கு அமில மண் வேண்டும்.

எவ்வளவு பிடிக்கும் என்ற கணக்கு

கரி உலோகத்தைப் பிடிப்பது சல்லடை மாதிரி அன்று. ஈய அயன் கரியின் துளைகளைவிட எத்தனையோ மடங்கு சிறியது. அது மேற்பரப்பில் ஒட்டுகிறது. கரியில் இருக்கும் கல்சியம், மக்னீசியம், பொற்றாசிய அயன்கள் இடம் விட்டு விலக ஈயம் அங்கே உட்காரும். ஒட்சிசன் கூட்டங்கள் அதைக் கிடுக்கியாகப் பிடிக்கும். சாம்பலின் காபனேற்றும் பொஸ்பேற்றும் ஈயத்தோடு சேர்ந்து கரையாத உப்பாக அங்கேயே படியும். பீ.எச். 4க்குக் கீழே போனால் ஐதரசன் அயன்கள் இடங்களைப் பிடித்துக்கொண்டு உலோகத்தை விரட்டும். 5.5 முதல் 6.5 வரை நன்றாகப் பிடிக்கும், அந்த வகையில் மலையக ஊற்று நமக்குச் சாதகம். பல உலோகங்கள் சேர்ந்து வந்தால் போட்டி வரும். ஈயமும் செம்பும் முந்திக்கொள்ளும், கட்மியமும் நாகமும் நிக்கலும் பின்தங்கும். முன்பே ஒட்டியிருந்த கட்மியத்தைப் புதிதாக வரும் செம்பு தள்ளி வெளியேற்றுவதும் உண்டு.

ஆய்வுக் கட்டுரையில் ‘ஒரு கிராம் கரி 20 மில்லிகிராம் ஈயம் பிடிக்கும்’ என்று ஓர் எண் இருக்கும் என வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கரியில் 20 கிராம் ஈயம், நம் தண்ணீரில் லீற்றருக்கு 0.05 மில்லிகிராம், ஆகவே நான்கு இலட்சம் லீற்றர் என்று கணக்குப் போடுவார்கள். அது பிழை. அந்த 20 என்பது லீற்றருக்கு நூறு மில்லிகிராம் அளவில் ஈயத்தைக் கரைத்துக் கரியைத் திணறடித்துப் பெற்ற உச்ச எண். தண்ணீரில் ஈயம் குறையக் குறைய கரி பிடிப்பதும் குறையும். தண்ணீரிலுள்ள செறிவுக்கு ஏற்பக் கரி எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் லாங்மியூர் சமன்பாட்டில் பிடிப்பு மாறிலியை 0.5 என எடுத்துப் போட்டுப் பாருங்கள். தண்ணீரில் 0.05 இருக்கும்போது அதே கரி கிராமுக்கு அரை மில்லிகிராம்தான் பிடிக்கும். 0.01க்கு இறங்கியதும் 0.1 மில்லிகிராம்.

வாளியில் கரியைப் போட்டுக் கலக்கும் முறைக்கும் குழாய் வடிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் வருகிறது. வாளியில் கரி கடைசியாக மிஞ்சும் 0.01 செறிவோடு சமநிலைக்கு வர வேண்டும். 20 லீற்றரில் 0.05ஐ 0.01ஆக்க 0.8 மில்லிகிராம் ஈயத்தை எடுக்க வேண்டும்; கிராமுக்கு 0.1 வீதம் 8 கிராம் கரி ஒவ்வொரு வாளிக்கும் போகும். ஒரு கிலோ 125 வாளிக்கு வரும். குழாயிலோ நுழைவாயிலில் இருக்கும் கரி எப்போதும் 0.05 செறிவுள்ள புதுத் தண்ணீரைப் பார்க்கிறது, அதனால் கிராமுக்கு அரை மில்லிகிராம் வரை நிரம்புகிறது. அதே ஒரு கிலோ, கணக்குப்படி 490 வாளி. ஒரே கரி, நான்கு மடங்கு வேலை. கள நிலையில் இலைமக்குச் சாறும் இரும்புத் துருவும் இடம் பிடிப்பதால் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நம்பலாம் என்பது என் கணிப்பு. ஒரு நாளைக்கு ஒரு வாளி என்றால் ஐந்து மாதம்.

வடியை அமைத்தல்

4 அங்குல பி.வி.சி. குழாய், ஒரு மீற்றர் நீளம். அடியில் மூடி போட்டு, அதில் நுழைவாய். தண்ணீர் கீழிருந்து மேலே ஏற வேண்டும். மேலிருந்து கீழே விட்டால் ஒரு நாள் வற்றினாலும் கரிக்குள் காற்று புகும், அடுத்த தண்ணீர் அந்தக் காற்றைச் சுற்றி ஒரு பக்கமாகவே ஓடும். கீழே 10 சென்ரிமீற்றர் கழுவிய சிறு சல்லி, அதன்மேல் 5 சென்ரிமீற்றர் பருமணல், பிறகு நுளம்பு வலை, அதன்மேல் 60 சென்ரிமீற்றர் கரி. கரியை உலர்ந்ததாகக் கொட்டாமல், குழாயில் பாதி தண்ணீர் வைத்துக் கூழாக ஊற்றி, வெளியே மரக்கட்டையால் தட்டித் தட்டி இருத்துங்கள். மேலே மீண்டும் வலை, 10 சென்ரிமீற்றர் சல்லி. இந்தப் பாரம் இல்லாவிட்டால் கரி மேலே எழும்பும். அதற்கு மேலே பக்கவாட்டில் வெளிவாய், அதில் நெருக்கமாக நெய்த பருத்தித் துணி இரண்டு மடிப்பு. இந்தத் துணியைச் சின்ன விடயமாக நினைக்காதீர்கள். தப்பி வரும் கரித்தூசி ஈயத்தைச் சுமந்துகொண்டு வரும். வயிற்று அமிலத்தில் அந்த ஈயம் விடுபடும்.

குழாயைவிட ஒரு மீற்றர் உயரத்தில் 20 லீற்றர் வாளி. ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் திருகு நுழைவாய்ப் பக்கம் இருக்க வேண்டும், வெளிவாய் எப்போதும் திறந்தபடி. கரிப் படுக்கையின் கனவளவு 5 லீற்றருக்குச் சற்றுக் கூட. தண்ணீர் அதில் அரை மணித்தியாலம் தங்க வேண்டுமானால் மணிக்கு 10 லீற்றர்தான் ஓடலாம். ஒரு லீற்றர் போத்தல் நிரம்ப ஆறு நிமிடம். வேலை முடிந்து வந்து இவ்வளவு மெதுவாக ஒழுகும் தண்ணீருக்குக் காத்திருப்பது கடினம். திருகைக் கூட்டிவிடத் தோன்றும். கூட்டினால் அன்றைக்கே ஈயம் தப்பி வரும். இரவில் ஓடவிட்டுக் காலையில் எடுப்பதுதான் இதற்கு வழி.

வாளிக்கு முன்னால் ஒரு மணல் வடி தேவை, முக்கியமாக மழைக்காலத்தில். இரும்பு இருந்தால் தண்ணீரைத் துளையிட்ட தட்டிலிருந்து அரை மீற்றர் உயரம் துளித்துளியாக விழவிட்டு, ஓர் இரவு அடைய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் மணலுக்கு விடுங்கள். இதைச் செய்யாத வடிகளில் ஒரு மாதத்திலேயே கரி செம்பழுப்புச் சேறு பூசி அடைத்துவிடும். கூரை மழைநீர் என்றால் முதல் மழையை விட்டுவிட வேண்டும்: 20 சதுர மீற்றர் கூரைக்கு முதல் 20 லீற்றர்.

புதிய வடியின் முதல் 100 லீற்றரைக் குடிக்க வேண்டாம். பீ.எச். தாளில் வெளிநீர் 8.5க்குக் கீழே வந்த பிறகு சேகரியுங்கள். இந்தக் காரத் தன்மையில் ஓர் ஏமாற்றமும் ஒளிந்திருக்கிறது. கழுவாத கரி தண்ணீரைக் காரமாக்குவதால் உலோகம் ஐதரொட்சைட்டாகப் படிந்து, முதல் வாரச் சோதனை மிக அழகாக வரும். சாம்பல் கரைந்து தீர்ந்ததும் பிடிப்பு விழும். ஆகவே முதல் சோதனை மூன்றாவது வாரத்தில், அடுத்தது மூன்றாவது மாதத்தில். முடிந்தால் இரண்டு குழாயைத் தொடராக வைத்து, இடையில் மாதிரி எடுங்கள். முதல் குழாய்க்குப் பிந்திய நீரில் 0.01 தாண்டியதும் அதைக் கழற்றி, இரண்டாவதை முதலாவதாக்கி, புதியதைப் பின்னால் போடுங்கள். குடிக்கும் தண்ணீருக்கு எப்போதும் ஒரு காவல் இருக்கும், முதல் குழாயும் முழுதாக நிரம்பிய பிறகே வெளியே வரும்.

வடியிலிருந்து வந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். கரி கிருமியைக் கொல்லாது; அதன் துளைகள் கிருமிக்கு நல்ல குடியிருப்பு. குளோரின் போடுபவர்கள் வடிக்குப் பிறகு போட வேண்டும், முன்னால் போட்டால் கரி அதைத் தின்றுவிடும். பீலிக்கு மேலே மலசலகூடக் குழி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வதுதான் அவசரம். ஈயம் ஆண்டுக் கணக்கில் கெடுக்கும். வயிற்றோட்டம் பிள்ளையை ஒரு வாரத்தில் கெடுக்கும்.

சில வேலைகளுக்கு இந்தக் கரியை நம்பக் கூடாது. ஆசனிக்கு தண்ணீரில் பெரும்பாலும் எதிர்மின்னேற்றத்தோடு இருப்பதால் சாதாரணக் கரியை அண்டாது. அதற்கு இரும்பு உப்பு ஏற்றிய கரி வேண்டும், அது ஆய்வுகூட வேலை. ஆறு வலு குரோமியமும் அதே குணம். புளோரைட்டையும் தண்ணீரின் வன்மையையும் (சுண்ணத் தன்மையையும்) மிலாற்றுக் கரி எடுக்காது. பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டைப் பக்கத்தில் சிறுநீரக நோய்க்கு இந்த வடியைத் தீர்வாகச் சொல்வது பிழை. அங்கே தேவைப்படுவது வேறு தொழில்நுட்பம்.

நிரம்பிய கரியை மரக்கறிப் பாத்திக்குப் போடாதீர்கள், அடுப்பிலும் போடாதீர்கள். பாத்தியில் அமில மண் பிடித்ததை விடுவிக்கும். அடுப்பில் கட்மியம் புகையாகும், ஈயம் சாம்பலில் தங்கும், அந்தச் சாம்பலால் நாளைக்குப் பாத்திரம் துலக்குவோம். அமிலத்தால் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம் என்று படித்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் கையில் மிஞ்சுவது ஒரு வாளி நச்சமிலம். ஊரில் பல வடிகள் இருந்தால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேட்டு ஒன்றாக ஒப்படைக்க வழி பாருங்கள். ஒரு வீட்டுக் கரி என்றால் காயவைத்து, மூன்று பங்கு சிமெந்துக்கு ஒரு பங்கு கரி வீதம் குழைத்து, பழைய பிளாஸ்ரிக் பேணியில் இறுக்குங்கள். ஈரம் காய்வதற்குள் மேலே ஆணியால் ‘ஈயக் கரி’ என்றும் ஆண்டையும் கீறி, பீலிக்கும் கிணற்றுக்கும் தாழ்வான இடத்தில், மழை படாத சுவரோரமாக வையுங்கள்.